நல்லெண்ணத்தில்தான் வாங்கினேன், கோர்ட்டில் இது எடுபடுமா?

மேல்மாடி:

வணக்கம். நாலு நாளாகத் தூக்கமில்லை, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

2022இல் ஊருக்குள் ஒரு வீடு வாங்கினேன். மூன்றரை சென்ட். பின்னால் வீடு, தெருப்பக்கம் ஒரு கடை. கடையில் ஒரு டெய்லர் 18 வருஷமாக வாடகைக்கு இருக்கிறார். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. தாய்ப்பத்திரம் அசலாகக் கைக்கு வந்தது. பட்டா விற்றவர் பெயரில்தான் இருந்தது. பேங்க் வக்கீலும் பார்த்துச் சரி என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் லோன் கிடைத்தது. கிரயம் முடிந்ததும் மாடியில் ஒரு போர்ஷன் எழுப்பினேன்.

2024இல் அந்த டெய்லர் சப் கோர்ட்டில் தாவா போட்டுவிட்டார். 2021 கடைசியிலேயே வீட்டுக்காரர் மொத்த இடத்தையும் தனக்கு விற்பதாக அக்ரிமென்ட் எழுதி, 4 லட்சம் அட்வான்ஸ் வாங்கினாராம். இரண்டு வருஷம் கெடுவாம். பதியாத அக்ரிமென்ட். விற்றவர் முதல் பிரதிவாதி, நான் இரண்டாம் பிரதிவாதி. எனக்குக் கிரயம் செய்து கொடு என்கிறார். என் வக்கீல் எதிருரையில் "இவர் நல்லெண்ணத்துடன், பிரதிபிரயோஜனம் (அதாவது விலை) கொடுத்து, முன் ஒப்பந்தம் எதையும் அறியாமல் வாங்கியவர்" என்று எழுதியிருக்கிறார். வரும் மாதம் என்னைக் கூண்டில் ஏற்றப் போகிறார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். நல்லெண்ணம் என்றால் சட்டத்தில் என்ன? என் மனதில் கள்ளம் இல்லை. அது போதுமா?

காவிரிக்கரை:

கவலையே வேண்டாம் சார். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய அக்ரிமென்டைப் பதிந்தே ஆக வேண்டும். பதியாதது செல்லாது. ஈசியில், அதாவது வில்லங்கச் சான்றில், வராத ஒன்று உங்களுக்கு எப்படித் தெரியும்? முதல் ஹியரிங்கிலேயே அடிபட்டுப் போகும்.

தாலுகா வக்கீல்:

காவிரிக்கரை ஐயா சொன்னதை நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பதிவு கட்டாயம் என்பது உண்மை. ஆனால் பதிவுச் சட்டம் 49ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. ஏற்றதை ஆற்ற, அதாவது ஒப்புக்கொண்டபடி கிரயம் செய்து கொடுக்கக் கோரும் தாவாவில் பதியாத ஒப்பந்தத்தையும் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம். இது தமிழ்நாட்டுத் திருத்தத்துக்குப் பிறகும் பொருந்துமா என்ற கேள்வி சுப்ரீம் கோர்ட் வரை போய், 2023இல் ஹேமலதா எதிர் கஸ்தூரி வழக்கில், பொருந்தும் என்று தீர்ப்பாகிவிட்டது. ஆகவே அந்தத் தாள் கோர்ட்டுக்குள் வரும். வந்த பிறகு என்ன என்பதுதான் பேச்சு.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். உங்களைக் காப்பாற்ற வேண்டிய சட்டம் 1963ஆம் வருஷத்து குறித்தவகை தீர்வுச் சட்டம், பிரிவு 19(பி). முதலில் ஒருவருக்கு விற்க ஒப்புக்கொண்டு, பிறகு வேறொருவருக்கு விற்றால், அந்த முதல் ஒப்பந்தம் இரண்டாவதாக வாங்கியவரையும் கட்டும் என்பது பொது விதி. விலை கொடுத்து, பணத்தை நல்லெண்ணத்தில் செலுத்தி, முன் ஒப்பந்தத்தை அறியாமல் வாங்கியவருக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு. விலக்கு கேட்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். அதாவது நீங்கள்.

இதில் நம் ஆட்கள் பலரும் தவறவிடுகிற இடம் ஒன்று உண்டு. நல்லெண்ணம் ஒரு வாசல், "அறியாமல்" என்பது இன்னொரு வாசல். இரண்டையும் தாண்ட வேண்டும். மனதில் கள்ளமில்லை என்று நீங்கள் சத்தியம் செய்தால் முதல் வாசலைத் தாண்டலாம். இரண்டாவது வாசலில் சத்தியம் உதவாது. ஏனென்றால் "அறிதல்" என்பதற்குச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் மூன்றாம் பிரிவு சொல்லும் பொருள் வேறு. நிஜமாகவே தெரிந்திருந்தால் அது அறிதல். தெரியாவிட்டாலும், விசாரித்திருக்க வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே விசாரிக்காமல் விட்டதாலோ, பெரிய கவனக்குறைவாலோ தெரியாமல் போயிருந்தால் அதுவும் அறிதல்தான். அதே பிரிவின் விளக்கம் ஒன்று, சொத்தில் வேறொருவர் சுவாதீனத்தில் இருந்தால், அவருக்கு அதில் என்ன உரிமை இருக்கிறதோ அது வாங்குபவருக்குத் தெரியும் என்றே கொள்ள வேண்டும் என்கிறது.

உங்கள் வழக்கில் டெய்லர் எங்கே இருந்தார்? கடைக்குள். 18 வருஷமாக.

2000இல் சுப்ரீம் கோர்ட் தீர்த்த முகமது உபைதுல்லா வழக்கு கிட்டத்தட்ட உங்கள் கதைதான். வாடகைக்கு இருந்தவர் கையில் கிரய ஒப்பந்தம், வேறொருவர் இடத்தை வாங்கிவிட்டார். வாடகைதாரர் இருப்பது தெரியும், ஆனால் எந்த உரிமையில் இருக்கிறார் என்று அவரிடம் போய்க் கேட்கவில்லை. வாடகைக்காரர் என்று நினைத்தேன் என்ற பதில் போதாது, கேட்டிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அதனால் முதல் கேள்வி: வாங்குவதற்கு முன் அந்த டெய்லரிடம் பேசினீர்களா?

மூன்றாம் வருடம்:

நான் சட்டக் கல்லூரி மாணவி. இந்த வார்த்தை எங்களையும் படுத்தியெடுத்த ஒன்று, அதனால் உள்ளே வருகிறேன்.

இந்தியச் சட்டத்தில் நல்லெண்ணத்துக்கு இரண்டு விளக்கம், இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். 1860இன் தண்டனைச் சட்டம் 52ஆம் பிரிவு, உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்ததையோ நம்பியதையோ நல்லெண்ணத்தில் செய்ததாகச் சொல்லக் கூடாது என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 2(11) என்ற எண்ணில் அதே வாசகம்தான். ஆனால் 1897இன் பொது விதிகள் சட்டம் 3(22), ஒரு காரியம் நேர்மையாகச் செய்யப்பட்டிருந்தால் போதும், அஜாக்கிரதையாகச் செய்திருந்தாலும் அது நல்லெண்ணம்தான் என்கிறது. 1963இன் காலவரையறைச் சட்டம் அதை ஏற்காமல், கவனமும் வேண்டும் என்று தனக்குத் தனியாக விளக்கம் எழுதிக்கொண்டது.

ஏன் இப்படி என்று வகுப்பில் கேட்டபோது எங்கள் பேராசிரியர் 1887ஆம் வருஷத்துக் கல்கத்தா வழக்கு ஒன்றைச் சொன்னார். சுகாரு கவிராஜ் என்ற நாட்டு வைத்தியர். படிப்பு கிடையாது. மூலநோய்க்காரர் ஒருவருக்குச் சாதாரணக் கத்தியால் அறுத்து வைத்தியம் பார்த்தார். ரத்தம் நிற்காமல் நோயாளி இறந்து போனார். நோயாளியின் சம்மதத்துடன், அவர் நன்மைக்காக, நல்லெண்ணத்தில் செய்தேன் என்பது வைத்தியரின் வாதம். கொல்ல வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் உடற்கூறு தெரியாமல் கத்தியை எடுத்தவர் கவனத்தோடு செய்தார் என்று சொல்ல முடியாது என்று தண்டனையை உறுதி செய்தது கோர்ட்.

எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. உயிர் போகிற இடத்தில் சட்டம் மனசு சுத்தமா என்று மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடாது. கையையும் பார்க்கும். கடை, கணக்கு, கொடுக்கல் வாங்கல் போன்ற இடங்களில் நேர்மையான ஒருவரை அவருடைய மறதிக்காகத் தண்டிக்க வேண்டாம் என்று கொஞ்சம் இளகும்.

வக்கீல் சாரிடம் ஒரு கேள்வி. 19(பி) 1963 சட்டம், அதில் நல்லெண்ணத்துக்குத் தனி விளக்கம் இல்லை. அப்படியானால் 1897 விளக்கம்தானே பொருந்த வேண்டும்? மேல்மாடி அண்ணா கவனக்குறைவாக இருந்தாலும் தப்பிக்கலாமே?

தாலுகா வக்கீல்:

நல்ல கேள்வி தங்கச்சி. முதல் வாசலுக்கு அது பொருந்தும். அதனால்தான் வாசல் இரண்டு என்று சொன்னேன். நல்லெண்ணத்தில் விட்டுக்கொடுத்த கவனத்தை, "அறியாமல்" என்ற சொல்லின் வழியாகச் சட்டம் திரும்ப உள்ளே கொண்டுவந்துவிடுகிறது. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 41ஆம் பிரிவில், அதாவது சொத்துக்காரர் போலத் தோற்றம் தருபவரிடம் வாங்கும்போது, இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று தக்க கவனத்துடன் விசாரித்து, பிறகு நல்லெண்ணத்தில் வாங்கியிருக்க வேண்டும் என்று 1882இலேயே வெளிப்படையாக எழுதிவிட்டார்கள்.

பாஸ்புக்:

பேங்கில் 34 வருஷம் இருந்தவன். எங்களுக்கும் இதே கதைதான். குறுக்குக் கோடு போட்ட செக்கை வேறு யாரோ திருடிக் கொண்டுவந்து கணக்கில் போட்டால், பேங்குக்குப் பாதுகாப்பு தரும் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 131ஆம் பிரிவு "நல்லெண்ணத்திலும், கவனக்குறைவு இல்லாமலும்" என்று இரண்டையும் கேட்கிறது. கவுண்டரில் இருக்கும் பையன் யோக்கியன் என்பதால் மட்டும் பேங்க் தப்பாது. கணக்கு தொடங்கும்போது ஆளை விசாரித்தீர்களா, கம்பெனி பெயருக்கு வந்த செக்கைத் தனி ஆள் கணக்கில் ஏன் போட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள்.

பத்திர மேஜை:

சார்பதிவாளர் ஆபீஸ் எதிரில் பத்திரம் எழுதுகிறேன், 26 வருஷம். சொல்ல வேண்டியது எனக்கும் இருக்கிறது.

என் மேஜைக்கு வருகிறவர்களிடம் நான் எழுதும் வாசகம் இது: "மேற்படி சொத்தில் யாதொரு வில்லங்கமும் விவகாரமும் முன் கிரய உடன்படிக்கையும் இல்லை என்றும், அப்படி ஏதும் பின்னால் தெரியவந்தால் தன் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுப்பதாகவும்." விற்பவர் இதைக் கேட்கும்போது நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். பெரும்பாலானவர்கள் காதில் வாங்குவதே இல்லை, எங்கே கையெழுத்து என்றுதான் கேட்பார்கள். "முன் கிரய உடன்படிக்கை" என்ற இடத்தில் ஒரு சிலர் மட்டும் சட்டென்று நிமிர்வார்கள். அந்த மாதிரி நிமிர்ந்த ஒருவரிடம் போன வருஷம் நான் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டேன். தம்பிக்கு எழுதிக் கொடுத்தது ஒன்று இருக்கிறது, அது சும்மா என்றார். வாங்க வந்தவரிடம் சொன்னேன். அன்றைக்குப் பதிவு நின்றது. எனக்குக் கூலி போனது, அதைப் பற்றி வருத்தமில்லை.

ஆனால் எல்லோரும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பதிவு ஆபீசில் உரிமையைச் சோதிப்பார்கள் என்று ஜனங்கள் நம்புகிறார்கள். அவர்களுடைய வேலை அதுவல்ல. மூலப்பத்திரம் காட்டாவிட்டால் பதிய மாட்டோம் என்று தமிழ்நாட்டில் போட்ட 55ஏ விதியையும் 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்துவிட்டது. உரிமையைப் பார்ப்பது பதிவாளருக்குக் கொடுத்த அதிகாரத்தில் இல்லை என்றார்கள். ஈசி என்பது பதிந்ததை மட்டும் காட்டும் கண்ணாடி. பதியாத அக்ரிமென்ட், வாய்ப்பேச்சு, கைமாற்றுக்குக் கொடுத்த அசல் பத்திரம், ஒன்றும் அதில் தெரியாது. அவற்றை எல்லாம் சொத்தில் கால் வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். குடியிருப்பவரிடம், பக்கத்து வீட்டில், எதிர்க் கடையில். நாலு பேரிடம் நாலு வார்த்தை.

ஐம்பது லட்சம் போட்டு வாங்குகிறவர் அந்த நாலு வார்த்தையை ஏன் கேட்பதில்லை என்றால், கேட்டால் விலை ஏறிவிடும், வேறு ஆள் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்று புரோக்கர் பயமுறுத்துவதுதான் காரணம்.

சொல்வளம்:

வழக்குக்குத் தொடர்பில்லாதது போலத் தோன்றலாம், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இந்த இடத்தில் "நல்லெண்ணம்" என்ற சொல்லே ஆளைத் தடுமாற வைக்கிறது. நல்லெண்ணத் தூதர், நல்லெண்ணப் பயணம் என்று நாம் சொல்லும்போது அது பிறருக்கு நல்லது நினைப்பது. கோர்ட் கேட்பது அதுவல்ல. டெய்லர் நன்றாக இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்தீர்களா என்று யாரும் கேட்கப் போவதில்லை. சட்ட மொழிபெயர்ப்பில் சிலர் நன்னம்பிக்கை என்று எழுதுகிறார்கள், அது கொஞ்சம் நெருங்கி வருகிறது. நான் நம்பியது நேர்மையாக நம்பியதா, நம்புவதற்குக் காரணம் இருந்ததா என்பதுதானே கேள்வி.

எதிர்ப்பதத்துக்கு நம் ஊர் வழக்கில் அருமையான சொல் இருக்கிறது: மனசறிய. மனசறியப் பொய் சொன்னான், மனசறியக் கெடுத்தான். இன்னொன்று, "கண்டும் காணாமல் இருந்தான்". வக்கீல் ஐயா சொன்ன "வேண்டுமென்றே விசாரிக்காமல் விட்டது" அச்சு அசலாக இதுதான்.

பணிமூப்பு:

அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த கெட்ட எண்ணம் வேறு வகை, அதிகாரத்தில் இருப்பவர்களுடையது. கோர்ட் பாஷையில் மாலஃபைடி, மனுவில் "உள்நோக்கத்துடன்" என்று எழுதுவோம்.

ஒரு மேலதிகாரி சொன்ன இடத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. இரண்டே வாரத்தில் 300 கிலோமீட்டருக்கு அப்பால் மாற்றல் வந்தது. உள்நோக்கம் என்று ரிட் போட்டேன். தோற்றேன். எனக்குத் தெரியும், ஆபீசில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் கோர்ட்டில் வைக்க என்னிடம் ஒரு தாள் இல்லை. தீர்ப்பில் எனக்கு எதிராகக் காட்டப்பட்டது ராயப்பா வழக்கு. அவர் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளராக இருந்தவர். திட்டக்குழுவுக்கும், பிறகு சிறப்புப் பணி அலுவலர் பதவிக்கும் மாற்றியதை எதிர்த்து, முதலமைச்சர் கருணாநிதிக்குத் தன் மேல் இருந்த கோபம்தான் காரணம் என்று சுப்ரீம் கோர்ட் போனார். 1973 நவம்பரில் தீர்ப்பு வந்தது. தன்னிச்சையாக நடப்பதும் சமத்துவமும் ஒன்றுக்கொன்று பகை என்று நீதிபதி பகவதி எழுதிய புகழ்பெற்ற கருத்து அந்தத் தீர்ப்பில்தான் இருக்கிறது. ஆனால் ராயப்பா ஜெயிக்கவில்லை. உள்நோக்கம் என்று குற்றம் சாட்டுபவர் மேல் நிரூபிக்கும் சுமை மிகவும் கனமானது, சந்தேகம் போதாது என்று சொல்லிவிட்டார்கள். படிக்கும் எல்லோரும் பகவதியின் அந்த வரியைப் படிக்கிறார்கள். மனுதாரர் தோற்றதைச் சொல்வதில்லை.

ஜெயித்தவர்களும் உண்டு. ஆந்திராவில் கர்நூல் பஸ் ரூட்டுகளை அரசுடைமையாக்கியபோது, அரசியல் எதிரிகளைக் குறிவைத்து முதலமைச்சர் செய்தது என்று பஸ் முதலாளிகள் பிரமாணப் பத்திரம் போட்டார்கள். முதலமைச்சர் சஞ்சீவ ரெட்டி மறுத்து ஒரு பிரமாணப் பத்திரமும் போடவில்லை. மறுக்காத குற்றச்சாட்டை ஏற்க வேண்டியதுதான் என்று 1964இல் சுப்ரீம் கோர்ட் சொன்னது, அவர் பதவியையும் விட்டு விலகினார்.

மேல்மாடி சாருக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. கோர்ட்டுக்கு மனசைத் திறந்து பார்க்கும் கருவி கிடையாது. சொன்னது, சொல்லாதது, எழுதியது, எழுதாதது, தேதி. இவற்றை வைத்துத்தான் எண்ணத்தைக் கணக்குப் போடுகிறார்கள்.

காவிரிக்கரை:

வக்கீல் சார், நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். ஹேமலதா தீர்ப்பு தெரியாது. மேல்மாடி சார், என் பதிவை நம்பி எதுவும் முடிவெடுக்காதீர்கள்.

பாலிசி அக்கா:

இன்சூரன்ஸ் முகவர். எங்கள் தொழிலில் நல்லெண்ணம் போதாது, உச்சமான நல்லெண்ணம் வேண்டும். கேட்காததையும் நீங்களே சொல்ல வேண்டும் என்கிற அளவுக்கு.

இதன் வேர் 1766இல் லண்டனில் இருக்கிறது. சுமத்ராவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைக்குக் கவர்னராக இருந்த கார்ட்டர், கோட்டையை அந்நியர் பிடித்தால் பணம் தர வேண்டும் என்று பாலிசி எடுத்தார். பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். கோட்டை பலவீனமானது என்பதை மறைத்தார் என்று சொல்லி, இன்சூர் செய்த போம் பணம் தர மறுத்தார். எதையும் மறைக்கக் கூடாது என்ற விதியை நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் அந்த வழக்கில்தான் எழுதினார். ஆனால் ஜெயித்தவர் கார்ட்டர். லண்டனில் உட்கார்ந்திருந்த போமுக்கே அந்த ஆபத்து தெரிந்திருக்க வேண்டியது, அன்றைக்குக் கேட்காமல் பிரிமியத்தை வாங்கிக்கொண்டு, இழப்பு வந்த பிறகு மறைத்தார் என்பது சரியல்ல என்று தீர்ப்பு. பயிற்சி வகுப்புகளில் விதியை மட்டும் சொல்கிறார்கள். இந்தப் பாதியையும் சொன்னால் நன்றாக இருக்கும்.

நான் ஒவ்வொரு வீட்டிலும் சொல்வது: படிவத்தை ஏஜெண்டை நிரப்ப விடாதீர்கள். என் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், பத்து வருஷமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர். அவருடைய ஏஜெண்ட் "இல்லை" கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார். இரண்டாம் வருஷம் அவர் இறந்தபோது க்ளெய்ம் நின்றுபோனது. அவர் பொய் சொல்லவில்லை, படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாவிடம் இதை விளக்கிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆயுள் காப்பீட்டில் மூன்று வருஷம் தாண்டிவிட்டால், இன்சூரன்ஸ் சட்டம் 45ஆம் பிரிவின்படி எந்தக் காரணம் காட்டியும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. அதற்குள் என்றால் கேட்பார்கள்.

மேல்மாடி:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக எதுவும் எழுதவில்லை. வக்கீல் சார் கேட்ட கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

டெய்லரிடம் பேசினீர்களா என்றால், ஒருநாள் பேசப் போனேன். டேப் வைத்துக் கடையை அளக்கப் போயிருந்தோம், நான், என் மச்சான், விற்றவர். டெய்லர் மெஷினில் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற சீசன், நீலத் துணி மேஜை முழுக்கக் குவிந்து கிடந்தது. டேப்பின் ஒரு முனையை அவர்தான் எழுந்து வந்து சுவரில் பிடித்துக்கொண்டார். அளந்து முடித்ததும், "சார், நீங்க வாங்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தார். விற்றவர் உடனே, "அதெல்லாம் நான் பேசிக்கறேன், நீ வேலையப் பாரு" என்று சொல்லி என் தோளைப் பிடித்து வெளியே அழைத்து வந்துவிட்டார். வெளியே வந்ததும், வாடகை பாக்கி விஷயம், புலம்புவான் என்றார்.

நான் நம்பினேன். உண்மையாகவே நம்பினேன். வாடகை பாக்கிதான் என்று நினைத்துக்கொண்டு பைக்கில் ஏறினேன். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் மச்சான், "என்னவோ சொல்ல வந்தாரே, கேட்டிருக்கலாம்" என்றான். லோன் சாங்ஷன் ஆகிவிட்டது, முகூர்த்த நாள் பார்த்தாகிவிட்டது, இப்போது எதற்கு என்று நான்தான் சொன்னேன்.

இதை என் வக்கீலிடம் நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. சொல்வளம் ஐயா எழுதிய "கண்டும் காணாமல்" என்ற வார்த்தையைப் படித்த பிறகு அந்த நீலத் துணிதான் கண்ணில் நிற்கிறது.

மூன்றாம் வருடம்:

அண்ணா, இதை எழுதியதற்கு நன்றி. படிக்கும்போது தொண்டை அடைத்தது.

வாடகைக்காரர் மகள்:

இழையை முதலிலிருந்து படித்தேன். எங்கள் அப்பா அந்த டெய்லர் இல்லை, ஆனால் அதே மாதிரி ஒருவர். சைக்கிள் கடை. 22 வருஷம் இருந்த இடத்தை ஓனர் விற்கிறேன் என்றபோது நகையை வைத்து அட்வான்ஸ் கொடுத்தார். ஏன் பதியவில்லை என்று எல்லோரும் கேட்டார்கள். ஓனர், நமக்குள்ள எதுக்குப் பதிவு, செலவு வேற என்றார். 22 வருஷம் தினமும் காலையில் பார்க்கிற ஆளிடம் நம்பிக்கை இல்லாமல் பேச அப்பாவுக்குக் கூச்சம். அதுவும் நல்லெண்ணம்தானே?

எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. ஓனர் எங்கள் அட்வான்ஸை மட்டும் திருப்பித் தர உத்தரவு ஆனது. நகை திரும்பியது, கடை போனது. வாங்கியவர் கோர்ட்டில், கடையில் ஆள் இருந்ததே எனக்குத் தெரியாது என்றார். அவர் எங்களிடம் சைக்கிளுக்குப் பஞ்சர் போட்டிருக்கிறார். அப்பா இன்றைக்கும் தோற்றதைப் பற்றிப் பேசுவதில்லை, அந்த ஒரு வரியைப் பற்றித்தான் பேசுவார்.

தாலுகா வக்கீல்:

மேல்மாடி சார், இங்கே எழுதியதை நாளைக் காலையே உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள். பொது இடத்தில் மேற்கொண்டு எழுத வேண்டாம்.

டெய்லர் குறுக்கு விசாரணையில் அந்த டேப் சங்கதியைக் கட்டாயம் கேட்கச் சொல்வார். நீங்கள் இல்லை என்று சொன்னால், அவர் உங்கள் மச்சானைச் சாட்சிக்கு அழைக்கலாம். சத்தியம் செய்துவிட்டு ஒன்றை மறைத்தது தெரிந்தால், அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையையும் நீதிபதி நம்ப மாட்டார். இருந்ததை இருந்தபடி சொல்லுங்கள். அது 19(பி) விலக்கைப் பலவீனமாக்கும், அதை நான் மூடி மறைக்க விரும்பவில்லை.

ஆனால் உங்கள் வழக்கு அந்த ஒரு காலில் மட்டும் நிற்கவில்லை. மீதிப் பணத்தைக் கொடுத்துக் கிரயம் பெற டெய்லர் எப்போதும் தயாராக இருந்தாரா என்பதை அவர் நிரூபிக்க வேண்டும், அதே 1963 சட்டத்தின் 16(சி). கெடுவுக்குள் நோட்டீஸ் விட்டாரா, பணம் இருந்ததா என்பதை உங்கள் வக்கீல் கேட்கட்டும். மாடி கட்டியதற்குச் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 51ஆம் பிரிவில் ஈடு கேட்க வழி உண்டு. எனக்கே முழு உரிமை என்று நல்லெண்ணத்தில் நம்பிக் கட்டியதாகக் காட்ட வேண்டும். கட்டும்போது டெய்லர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாரா, ஆட்சேபித்தாரா என்பது அங்கே பேசப்படும்.

எல்லாவற்றுக்கும் மேல், இந்தக் கதையில் மனசறியக் கெடுத்தவர் ஒருவர் இருக்கிறார், அவர் நீங்களும் இல்லை, டெய்லரும் இல்லை. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 55ஆம் பிரிவுப்படி, உரிமையில் உள்ள குறை தனக்குத் தெரிந்து வாங்குபவரால் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி என்று அந்தப் பிரிவே சொல்கிறது. சாதாரணக் கவனம் என்ற இடத்தில் அந்தப் பக்கமும் உங்களைக் கேட்பார்கள். இருந்தாலும் பத்திரத்தில் "முன் உடன்படிக்கை இல்லை, வந்தால் தீர்த்துக் கொடுக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பத்திர மேஜை ஐயா எழுதுகிற அந்த வாசகத்துக்கு இப்போதுதான் வேலை.

அப்புறம், சமரசத்துக்கு வழி உண்டா என்றும் பாருங்கள். கேட்கத் தவறிய கேள்வியை இப்போதாவது அவரிடம் கேட்கலாம், வக்கீல்களை வைத்துக்கொண்டு.

பத்திர மேஜை:

உங்கள் பத்திரத்தில் அந்த வாசகம் இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள் சார். சில இடங்களில் பழைய நகலைப் பார்த்து அடிக்கும்போது அந்த வரி விட்டுப் போயிருக்கும்.

மேல்மாடி:

பார்த்தேன். மூன்றாம் பக்கம், கீழிருந்து நாலாவது வரி. "முன் கிரய உடன்படிக்கை" இருக்கிறது. பக்கத்துக்கு அடியில் அவருடைய கையெழுத்தும் இருக்கிறது.

காலையில் வக்கீலைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன், போடவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, "தேதி சொல்லுங்க, கடையில் யார் யார் இருந்தாங்க" என்று முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார். மச்சானையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறார். சமரச மையத்துக்கு அனுப்பக் கேட்கலாமா என்று டெய்லரின் வக்கீலிடம் அவரே பேசுகிறாராம்.

மாடிக்குப் போகிற படி அந்தக் கடையை ஒட்டித்தான் ஏறுகிறது. இரண்டு வருஷமாக நாங்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் போய் வருகிறோம். இன்று மாலை நான் நின்றேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "அன்னைக்கு என்ன சொல்ல வந்தீங்க?" என்று கேட்டேன். ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

வாடகைக்காரர் மகள்:

அவர் என்ன சொன்னார் என்று இங்கே எழுத வேண்டாம். எங்கள் அப்பாவிடம் இந்த இழையை வாசித்துக் காட்டப் போகிறேன்.